அந்தக் கார்டு என்ன பாவம் செய்தது?

“ஃபார்மேட் பண்ணிடுங்க, சரியாயிடும்.”

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுகிறது. மாத்திரை போட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மெயின்டனன்ஸ் பிரிவில் 34 வருடம் டெஸ்டரும் மல்டிமீட்டருமாகத் திரிந்தவன் நான். ஓய்வு பெற்றதும் சொந்த ஊரான கல்லாவிக்கு வந்துவிட்டேன். நாலு மாமரம், ஒரு சாய்வு நாற்காலி, இந்த வலைப்பூ என்று காலம் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டுப் பெண் ஒரு சின்னப் பெட்டியைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து நின்றாள். பிளஸ் டூ படிக்கிறாள். முகம் அழுது வீங்கியிருந்தது.

“தாத்தா, இது ஸ்டார்ட் ஆகும்போது அப்படியே நின்னுடுது. எல்லாரும் ஃபார்மேட் பண்ணச் சொல்றாங்க.”

பெட்டிக்குள் இருந்தது ராஸ்பெரி பை 3. ஏ.டி.எம். கார்டு அளவுக்கு ஒரே போர்டில் முழுக் கம்ப்யூட்டரும் அடங்கியது. ஓசூரில் வேலை பார்க்கும் அவள் அண்ணன், பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் பழையதாக வாங்கிக் கொடுத்தது. அவள் அப்பா பட்டுப்புழு வளர்ப்பவர். ஒன்றரை ஏக்கர் மல்பெரி, ஒரு புழு வளர்ப்பு மனை. இந்தப் பெண் மனைக்குள் ஒரு சென்சாரைத் தொங்கவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அந்தப் போர்டில் செருகிய மெமரி கார்டில் எழுத வைத்திருந்தாள். தானே கற்றுக்கொண்டு செய்தது. நாலு பட்டத்துக்கான கணக்கு அதில் இருந்தது. அதில் கார்த்திகை மாதப் பட்டம் கைவிட்டுப் போனது. புழுக்கள் சுண்ணாம்புக் கட்டி போல வெள்ளையாக விறைத்துச் செத்தன. குளிரும் ஈரமும் சேர்ந்தால் வரும் நோய் அது. அந்த இரவுகளில் மனைக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஒரே சாட்சி அந்தக் கார்டு.

அந்தச் சாட்சியைத்தான் அழிக்கச் சொன்னார்கள்.

யார் யார்? டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரர், அவளுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர், யூடியூபில் ஒரு தம்பி. மூன்று பேரும் ஒரே மருந்து எழுதினார்கள்: கார்டு போயிடுச்சு, ஃபார்மேட் பண்ணி ஓ.எஸ். புதுசா ஏத்து. ஒருவர்கூட “கார்டுல என்ன வெச்சிருக்கே?” என்று கேட்கவில்லை. “எந்த இடத்துல நிக்குது?” என்றும் கேட்கவில்லை. மருந்து அதிகாரத்தின் 948ஆவது குறளை மேடையில் சொல்லாத ஆள் நம் ஊரில் இல்லை. பட்டறையில் அதன்படி நடக்கும் ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

இந்த மூன்று பேருக்கும் துணையாக நாலாவதாக ஒருவர் சேர்ந்துகொண்டார்: விண்டோஸ். அவள் கார்டை மடிக்கணினியில் செருகியதும் அது என்ன கேட்டது தெரியுமா? “இந்த டிஸ்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?” அந்தப் பெண்ணுக்குப் பாதி நம்பிக்கை அங்கேயே போய்விட்டது. கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது அல்லவா!

இதை வாசகர்கள் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ராஸ்பெரி பை கார்டில் இரண்டு பகுதிகள் உண்டு. முதல் சின்னப் பகுதி ஃபேட் என்ற பழைய முறையில் இருக்கும். அது விண்டோஸுக்குப் புரியும். இரண்டாவது பெரிய பகுதி லினக்ஸின் இ.எக்ஸ்.டி.4 முறையில் இருக்கும். நம் கோப்புகள் எல்லாம் அங்கேதான் இருக்கும். விண்டோஸுக்கு அது படிக்கத் தெரியாது. தெரியாததை “எனக்குத் தெரியாது” என்று சொல்லாமல் “அழித்துவிடட்டுமா?” என்று கேட்கிறது. கார்டு நூற்றுக்கு நூறு நன்றாக இருந்தாலும் இப்படித்தான் கேட்கும்.

எங்கள் ஓசூர்ப் பக்கம் டீக்கடை பெஞ்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒன்றாக உட்கார்ந்திருக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கன்னடம் ஒரு வார்த்தை தெரியாது. அதற்காகப் பக்கத்து மெஷின்காரர் பேசுவது பேச்சே இல்லை என்று நான் சொன்னால் என்னை என்ன செய்திருப்பார்கள்? விண்டோஸ் அதைத்தான் செய்கிறது, நாமும் தலையாட்டுகிறோம்.

அவள் கொண்டுவந்த மடிக்கணினி, அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்தது. அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய லினக்ஸ் அது. அந்த வீட்டில் இத்தனை வருடத்தில் ஒருவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. “இதைத் திறம்மா” என்றேன். பாஸ் லினக்ஸில் கார்டைச் செருகினோம். எந்தக் கேள்வியும் கேட்காமல் இரண்டு பகுதியும் திறந்தன. அவள் கோப்பு அங்கே இருந்தது. நாலு பட்டம், தேதி வாரியாக, ஒரு வரி குறையாமல்.

அவள் ஒன்றும் பேசவில்லை. நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதல் வேலையாகக் கார்டு முழுவதையும் அப்படியே ஒரு கோப்பாக நகல் எடுத்தோம். அதற்குப் பிறகுதான் பழுதைத் தொட்டேன். வரிசை இதுதான், மாற்றக்கூடாது. மனிதனுக்கு அறுவை சிகிச்சை செய்யும் முன் ரத்தம் ஏற்பாடு செய்கிற மாதிரி.

சரி, பழுது எங்கே? “கார்டு போயிடுச்சு” என்ற தீர்ப்பு சரியா? இதற்கு ஆயிரம் ரூபாய்க் கருவி எதுவும் வேண்டாம், கண் போதும். போர்டுக்குக் கரண்ட் கொடுத்ததும் திரையில் வானவில் போல ஒரு வண்ணச் சதுரம் வந்தது. ராஸ்பெரி பையில் முதலில் விழிப்பது முதன்மைப் பிராசசர் அல்ல, படம் வரையும் பகுதி. அது கார்டின் முதல் பகுதியிலிருந்து தனக்கு வேண்டிய கோப்புகளை எடுத்துக்கொண்ட பிறகுதான் வானவில்லைக் காட்டும். ஆக, வானவில் வந்தது என்றால் கார்டு படிக்கப்படுகிறது. கார்டு செத்துவிட்டது என்ற தீர்ப்பு அந்த நொடியிலேயே தள்ளுபடி.

வானவில்கூட வராவிட்டால் பச்சை விளக்கைப் பார்க்க வேண்டும். அது எண்ணிக்கையாகச் சிமிட்டிப் பேசும். நாலு முறை சிமிட்டினால், துவக்கத்துக்கு வேண்டிய ஸ்டார்ட் கோப்பைக் காணவில்லை. ஏழு முறை என்றால் கெர்னல் கோப்பைக் காணவில்லை. இத்தனை தெளிவாகப் பேசுகிற பொருளை ஊமை என்று முடிவு கட்டுகிறோம்.

வானவில்லுக்குப் பிறகு அவள் திரையில் வரவேற்புப் படம் வந்து, அப்படியே நின்றது. அந்த அழகான படம்தான் அடுத்த எதிரி. கார்டின் முதல் பகுதியில் ‘சிஎம்டிலைன்’ என்று ஒரு சின்ன எழுத்துக் கோப்பு உண்டு. ஒரே ஒரு வரி. அதில் ‘கொய்ட்’, ‘ஸ்ப்ளாஷ்’ என்று இரண்டு சொற்கள் இருக்கும். முதலாவது “வாயை மூடு” என்கிறது, இரண்டாவது “படத்தைக் காட்டு” என்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று வாங்கியவனுக்குத் தெரியக்கூடாது என்பது எந்த ஊர் நாகரிகம்? அந்த இரண்டு சொற்களையும் எடுத்தோம். அடுத்த முறை நாலு ராஸ்பெரிப் பழங்கள் வரிசையாக வந்தன. நாலு கோர் பிராசசர் என்பதால் நாலு பழம். பிறகு வரிவரியாகச் செய்திகள் ஓடின. ஓரிடத்தில் “அண்டர்-வோல்டேஜ் டிடெக்டட்” என்று வந்தது. திரையின் மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று எட்டிப் பார்த்தது. அத்தோடு நின்றது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் போர்டில் மின்னழுத்தத்தைக் காவல் காக்க ஒரு சுற்று இருக்கிறது. 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மின்னல் குறி காட்டும், செய்தியும் எழுதும். அது கத்திக்கொண்டுதான் இருந்தது. கேட்பதற்குத்தான் ஆளில்லை.

மல்டிமீட்டரை எடுத்தேன். போர்டின் ஓரத்தில் 40 பின்கள் இருக்கின்றன. 2ஆவது பின் 5 வோல்ட், 6ஆவது கிரவுண்ட். அங்கே வைத்துப் பார்த்தேன். (கை நடுங்குகிறவர்கள் செய்ய வேண்டாம். முனை வழுக்கிப் பக்கத்துப் பின்னைத் தொட்டால் போர்டே போய்விடும்.) போட்டவுடன் 4.9. திரை ஓட ஆரம்பித்ததும் 4.7, 4.6, அப்புறம் 4.5. மீட்டர் சராசரியைத்தான் காட்டும்; உண்மையான பள்ளம் அதைவிட ஆழமாக இருந்திருக்கும்.

“சார்ஜரைக் காட்டும்மா” என்றேன். பார்த்தால் 1 ஆம்பியர் பழைய போன் சார்ஜர், மெல்லிசான நீள ஒயர். இந்த மாடலுக்குச் சொல்லப்பட்டது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். ஒயரைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்கிறேன். இப்படிப்பட்ட ஒன்றரை மீட்டர் ஒயரில் போக வர சேர்த்து 0.6 ஓம் இருக்கும். போர்டு துவங்கும்போது 0.7 ஆம்பியர் இழுத்தால், ஒயரிலேயே 0.42 வோல்ட் தின்றுவிடும். சார்ஜர் முழுதாக 5 கொடுத்தாலும் போர்டுக்குப் போய்ச் சேருவது 4.58. பள்ளிப் பாடத்து ஓம் விதி. மூன்று வல்லுநர்களுக்கும் தெரிந்த விதிதான்.

“இதோட வந்த அடாப்டர் எங்கே?” என்று கேட்டேன். அவள் தெருவைத் தாண்டி ஓடினாள். திரும்பி வரும்போது பின்னாலேயே அவள் அப்பாவும் வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கொஞ்சம் வெட்கத்தோடு.

“அது போனுக்கு நல்லா வேகமா ஏறுதுங்க சார். அதான் நான் எடுத்துக்கிட்டு, என்னுதை அங்க செருகிட்டேன். ரெண்டும் ஒரே மாதிரிதானே இருக்குது?”

அடாப்டரை மாற்றினோம். முப்பது வினாடிக்குள் திரை வந்துவிட்டது. கார்டு அதேதான். போர்டும் அதேதான். ஒரு பைட்கூட அழிக்கவில்லை.

இப்போது “ஃபார்மேட் பண்ணினாலும் சரியாயிருக்குமே” என்று ஒரு கூட்டம் சொல்லும். ஆமாம், ஆகியிருக்கலாம். அதுதான் ஆபத்தே. புதிதாக ஓ.எஸ். ஏற்றும்போது கீபோர்டு, மவுஸ், பென்டிரைவ், சென்சார் எல்லாவற்றையும் கழற்றி வைப்போம். சுமை குறையும், மின்னழுத்தம் விளிம்பிலேயே தப்பித்து நிற்கும். “பார்த்தீங்களா, ஃபார்மேட் பண்ணதும் ஓடுது!” என்று கைதட்டுவோம். எல்லாவற்றையும் திரும்பச் செருகினால் பத்து நாளில் மறுபடி நிற்கும். “கார்டு மட்டமான கார்டு” என்று இன்னொன்று வாங்குவோம். போதாத மின்சாரத்தில் எழுதிக் கொண்டிருந்தால் ஒருநாள் கார்டும் உண்மையாகவே கெடும். அப்போது நம் தீர்ப்பு சரியாகிவிடும்! காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தே ஆளை முடிக்கிற வைத்தியம் இது.

கடைக்காரர் பக்கமும் நியாயம் இருக்கிறது, மறுக்க மாட்டேன். இருநூறு ரூபாய் கூலிக்கு ஒரு மணி நேரம் மீட்டரோடு உட்கார்ந்தால் அவர் அடுப்பு எரியாது. ஃபார்மேட் பண்ணுவது பத்து நிமிட வேலை. நானும் யோக்கியன் இல்லை. ஃபேக்டரியில் லைன் நின்றால் மேலே ஐந்து பேர் தலைமேல் நிற்பார்கள். கார்டைக் கழற்று, புதுசை மாட்டு, ஓட்டு. அங்கே அதுதான் சரி. ஆனால் கழற்றிய கார்டில் ஒரு அட்டை கட்டுவோம்: எந்த மெஷின், எத்தனை மணி, என்ன அறிகுறி. அது பெஞ்சுக்குப் போகும், ஒருவர் உட்கார்ந்து பார்ப்பார். ஒருமுறை நான் அந்த அட்டையைக் கட்டச் சோம்பல்பட்டு, ஒரே மெஷினில் மூன்று பவர் சப்ளை கார்டுகளை அடுத்தடுத்து மாற்றினேன். நாலாவது நாள், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த ஒரு பெரியவர் வந்து, ஒரு டெர்மினல் ஸ்க்ரூவை அரைத் திருப்பு முடுக்கினார். அத்தோடு பழுது போனது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

மாற்றுவது தப்பில்லை. காரணம் எழுதாமல் மாற்றுவது தப்பு. நகல் எடுக்காமல் அழிப்பது அதைவிடத் தப்பு.

எனக்குக் கோபம் கடைக்காரர் மேல் கொஞ்சம்தான். பள்ளிக்கூடங்கள் மேல்தான் அதிகம். 2016 முதல் நிதி ஆயோக்கின் அடல் புத்தாக்கத் திட்டத்தில் பள்ளிகளில் டிங்கரிங் லேப் வைக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம். ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை பிள்ளைகள் கையால் செய்து பழக வேண்டும் என்பது நோக்கம். நாடு முழுக்க 10,000த்துக்கும் மேல் வைத்தாயிற்று. நல்ல திட்டம். ஆனால் நான் எட்டிப் பார்த்த ஒரு பள்ளியில் (பெயர் வேண்டாம்) இப்படிப்பட்ட போர்டுகள் நாலைந்து கண்ணாடி பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தன. மேலே சீட்டு: “பழுது”. என்ன பழுது என்று கேட்டேன். “ஆன் ஆகலை சார்.” மல்டிமீட்டர் இருக்கிறதா என்றேன். இருந்தது, பிரிக்காத அட்டைப் பெட்டிக்குள்.

ராஸ்பெரி பை எதற்காகப் பிறந்தது? இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் எபன் அப்டனும் அவர் நண்பர்களும், கணினி அறிவியல் படிக்க வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போவதையும், வருகிறவர்களுக்குக் கம்ப்யூட்டரின் உள்விஷயம் தெரியாமல் இருப்பதையும் கண்டார்கள். பிள்ளைகள் பயமில்லாமல் நோண்டிப் பார்க்க ஒரு மலிவான போர்டு வேண்டும் என்று நினைத்தார்கள். 2012 பிப்ரவரி 29 அன்று 35 டாலருக்கு அது விற்பனைக்கு வந்தது. மேலே மூடிகூடக் கிடையாது. நோண்டிப் பார்க்கவே பிறந்த பொருளை நாம் பூட்டி வைக்கிறோம், இல்லாவிட்டால் அழிக்கிறோம். நடுவில் இருக்கிற வேலையைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை.

அந்த நடுவில் இருக்கிற வேலை பெரிய வித்தை இல்லை. கரண்டையும் ஒயரையும் முதலில் சந்தேகப்படு. செருகியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டுப் பார். விளக்கு எத்தனை முறை சிமிட்டுகிறது, திரை எந்த இடத்தில் நிற்கிறது என்று நோட்டில் எழுது. கார்டைத் தொடும் முன் நகல் எடு. ‘கொய்ட்’, ‘ஸ்ப்ளாஷ்’ இரண்டையும் நீக்கிவிட்டு, அது பேசுவதைக் கேள்.

கடைசியாக, பொறுமையாக இரு. சில சமயம் அது நிற்பதே இல்லை, காத்திருக்கிறது. துவக்கத்தில் மாட்ட வேண்டிய பென்டிரைவை யாராவது பிடுங்கிக்கொண்டு போயிருந்தால், லினக்ஸ் வழக்கமாக 90 வினாடி அதைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த பேச்சைப் பேசும். நம் ஆட்கள் அறுபதாவது வினாடியில் பிளக்கைப் பிடுங்குகிறார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்புகள் குழம்பும். பிறகு “கார்டு போயிடுச்சு”.

இத்தனைக்கும் பிறகும் சரியாகவில்லை என்றால், நகல் பத்திரமாக இருக்கும்போது, தாராளமாக ஃபார்மேட் பண்ணுங்கள். நானே வந்து பட்டனை அழுத்துகிறேன்.

அந்தப் பெண்ணின் கணக்கைக் கேட்கிறீர்களா? வளர்ந்த புழுவுக்கு 24, 25 டிகிரி வெப்பமும் 70 சதவீதத்துக்கு மேல் போகாத ஈரப்பதமும் வேண்டும் என்பார்கள். கார்த்திகையில் தொடர்ந்து ஆறு இரவு, நடுநிசிக்கு மேல் அவள் மனையில் வெப்பம் 20-க்குக் கீழே, ஈரப்பதம் 90-க்கு மேலே. ஏழாம் நாள் காலை முதல் புழு விறைத்தது. அவள் அப்பா அந்தக் காகிதத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “முட்டை சரியில்லைன்னு அந்த ஆளை அவ்வளவு பேசிட்டேனே” என்றார். அவரும் அளக்காமல் தீர்ப்புச் சொன்னவர்தான்.

நேற்று மனைக்குள் போயிருந்தேன். மல்பெரி இலையை ஆயிரக்கணக்கான வாய்கள் மெல்லும் சத்தம், தூறல் போல. மூலையில் அந்தச் சின்னப் பெட்டி, பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டு. அடாப்டர் மேல் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்:

“அப்பா, தொடக் கூடாது.”